லோன் சாங்ஷன், ரஷ்யா மேல் சாங்ஷன்: இரண்டும் ஒரே சொல்லா?

பின்னல்நகர்:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது), எல்.சி. (டாக்குமெண்ட் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதி) எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இங்கிலீஷ் வாசிக்கவும் எழுதவும் வரும். நுணுக்கம் கேட்டால்தான் இழுக்கும்.

இப்போது மேஜையில் இரண்டு காகிதங்கள் கிடக்கின்றன. ஒன்று, எங்கள் வங்கி கொடுத்த பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்கத் தரும் கடன்) சாங்ஷன் லெட்டர். இன்னொன்று, ஐரோப்பாவிலிருந்து பையர் திறந்திருக்கும் எல்.சி. அதன் கடைசியில் சாங்ஷன்ஸ் கிளாஸ் என்று ஒரு பத்தி. முதல் காகிதத்தில் சாங்ஷன் என்றால் பணம் வரும். இரண்டாவதில் சாங்ஷன் என்றால் பணம் நிற்கும்.

இதில் பையர் ஒரு மெயிலும் போட்டிருக்கிறார். ஷிப்மெண்டில் சம்பந்தப்பட்ட யாரும் சாங்ஷண்டு பார்ட்டி இல்லை என்று உறுதி தர வேண்டுமாம். எங்கள் மெர்ச்சண்டைசர் அதைப் படித்துவிட்டு, "எல்லாருமே சாங்ஷண்டு பார்ட்டிதான், பயப்படாதீங்கன்னு போட்டு அனுப்பிடுங்க" என்கிறார். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

கேட்க வந்தது மூன்று. இது ஒரே சொல்தானா, இல்லை ஆற்றங்கரை பேங்க்கும் பணம் போடும் பேங்க்கும் மாதிரி எழுத்து மட்டும் ஒன்றான இரண்டு சொற்களா? படிக்கும்போது எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதிலில் நான் என்ன எழுதுவது?

மேலாளர்_ஓய்வு:

தம்பி, முதலில் அந்த மெர்ச்சண்டைசர் சொன்ன வரியை அனுப்பிவிடாதீர்கள். அதைப் படிக்கும் பையருக்கு, "எங்கள் ஆட்கள் எல்லாரும் தடைப் பட்டியலில் இருப்பவர்கள், பயப்படாதீர்கள்" என்றுதான் விளங்கும்.

வங்கி பக்கத்தை நான் சொல்கிறேன், சொல்லாராய்ச்சியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நம் ஊர் வங்கிகளில் சாங்ஷன் என்றால், கடன் கொடுக்க அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான். பணம் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. லிமிட் எவ்வளவு, வட்டி என்ன, மார்ஜின் எவ்வளவு, என்ன செக்யூரிட்டி, எத்தனை நாளைக்கு, என்னென்ன நிபந்தனை என்று எல்லாம் அந்த லெட்டரில் இருக்கும். நீங்கள் அதன் நகலில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, டாக்குமெண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் டிஸ்பர்ஸ்மெண்ட், அதாவது பணம் கைக்கு வருவது. பேக்கிங் கிரெடிட்டில் அதற்கும் மேலே ஒரு படி. ஆர்டரையோ எல்.சி.யையோ காட்டினால்தான் நூல் வாங்கவும் சாயப்பட்டறைக்குக் கொடுக்கவும் கூலிக்கும் பணம் எடுக்க முடியும். ஏற்றுமதிப் பணம் வந்ததும் அந்தக் கணக்கு நேராகும்.

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று இனிப்பு கொடுத்துவிட்டு, டிஸ்பர்ஸ்மெண்டுக்காக மாதக்கணக்கில் நடந்தவர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

அகராதிப்பெண்:

முதல் கேள்விக்குப் பதில்: ஒரே சொல்தான். பேங்க், பேங்க் கதை இல்லை.

லத்தீனில் சான்கீரே என்று ஒரு வினை. புனிதமாக்கு, மீற முடியாததாக்கு, சட்டமாக நிலைநாட்டு என்றெல்லாம் பொருள். செயிண்ட், சாங்சுவரி, சாக்ரோசாங்க்ட் எல்லாம் அதே குடும்பம். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் சாங்க்டியோ. ரோமானியச் சட்டத்தில் இதற்குத் தனி வேலை உண்டு. ஒரு சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்று சொல்லும் பகுதிக்கே சாங்க்டியோ என்று பெயர். சட்டத்தை மீற முடியாததாக ஆக்குவது அந்தப் பகுதிதான்.

ஆக, மூலத்திலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாக வந்தபோது ஆணை, சட்டம், உறுதிப்பாடு என்ற பொருள். அடுத்த நூற்றாண்டில் சட்டத்தோடு சேர்ந்த தண்டனை என்ற பொருளும் எழுத்தில் வந்துவிட்டது. வினைச்சொல்லாக, அதாவது அனுமதி கொடு என்ற பொருளில், 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் வருகிறது. தண்டி, தடை போடு என்ற வினை இன்னும் இளசு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிச் சரக்கு.

பழைய பொருளுக்கு நல்ல உதாரணம், ஐரோப்பிய வரலாற்றில் வரும் 1713ஆம் ஆண்டு பிராக்மாட்டிக் சாங்ஷன். ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ், தன் நாடுகள் மகளுக்கும் போகலாம் என்று போட்ட ஆணை. அதில் அனுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை. வெறும் அரசாணை. அப்புறம் 1740இல் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்ததும், ஒப்புக்கொண்டிருந்த அரசர்களில் சிலரே சண்டைக்கு வந்தார்கள்.

கடைத்தெரு_கண்ணன்:

இவ்வளவு எதுக்குங்க. நம்ம ஊர்ல 'சீல்' இல்லையா? ஆபீசர் ஃபைல்ல சீல் வெச்சா காரியம் ஆச்சு. அதே ஆபீசர் கடைக்கு சீல் வெச்சா காரியம் போச்சு. சீல் ஒண்ணுதான், வைக்கிறவரும் ஒருத்தர்தான்.

அகராதிப்பெண்:

கண்ணன் சார், நான் நாலு பத்தி எழுதியதை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். இதைவிடப் பொருத்தமாக என்னால் யோசிக்க முடியவில்லை. இரண்டிலும் அதிகாரம் உள்ளவரின் முத்திரைதான் பேசுகிறது.

வெண்பா_விரும்பி:

தமிழிலும் 'நாற்றம்' அப்படித்தானே? சங்க காலத்தில் நறுமணம், இப்போது துர்நாற்றம்.

ஆங்கில_வாத்தி:

அந்த உதாரணத்தை எல்லா இடத்திலும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இங்கே பொருந்தாது. நாற்றம் காலப்போக்கில் ஒரு பொருளை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு நகர்ந்த சொல். இன்று யாராவது "மல்லிகை நாற்றம்" என்று எழுதினால் ஒன்று புலவர், இல்லை குசும்பு. சாங்ஷன் அப்படி இல்லை. இன்றைய செய்தித்தாளில் முதல் பக்கத்தில் ஒரு பொருளிலும் மூன்றாம் பக்கத்தில் எதிர்ப்பொருளிலும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கிறது. அதுதான் சிக்கல்.

இனி இரண்டாவது கேள்வி. நான் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை அர்த்தம் சொல்லி நடத்துவதே இல்லை. அனுமதி, தண்டனை என்று இரண்டையும் மனப்பாடம் பண்ணி வைத்தால் பரீட்சையில் காசைச் சுண்டிப் போட்டுத்தான் எழுதுவார்கள். சொல்லின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன்.

வினையாக வந்தால் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். ஒரு செயலோ திட்டமோ செலவோ வந்தால் பெரும்பாலும் அனுமதி. 'தி போர்டு சாங்ஷண்டு தி டூர்' என்றால் சுற்றுப்பயணத்துக்கு ஒப்புதல். ஆளோ நாடோ கம்பெனியோ வந்தால் தண்டனை. 'தி போர்டு சாங்ஷண்டு தி கோச்' என்றால் பயிற்சியாளர் மாட்டிக்கொண்டார். டூரைத் தண்டிக்க முடியாது, கோச்சுக்குப் பொதுவாக 'பர்மிஷன்' போடுவதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி இடம் தாண்டிவிடலாம்.

பெயர்ச்சொல்லாக வந்தால் ஒருமை பன்மையும் முன்னிடைச்சொல்லும் காட்டிக்கொடுக்கும். 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில், பின்னால் 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் தடை. 'வித் தி சாங்ஷன் ஆஃப்', 'வித்தவுட் சாங்ஷன்' என்று ஒருமையில் வந்தால் ஒப்புதல். இம்போஸ், லிஃப்ட், ஈஸ், எவேட், டஃபன் போன்ற வினைகள் பக்கத்தில் நின்றால் யோசிக்கவே வேண்டாம், தடை. கிராண்ட், கிவ், அப்டெய்ன், சீக் நின்றால் ஒப்புதல்.

எனக்குப் பிடித்த இடம் இதன் பிள்ளைகள். தாய்க்குத்தான் இரண்டு முகம், பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டன. 'அன்சாங்ஷண்டு' என்றால் ஏறக்குறைய எப்போதும் அனுமதி இல்லாத என்றுதான் பொருள், தண்டிக்கப்படாத என்று யாரும் எழுதுவதில்லை. 'சாங்ஷனபிள்' என்றால் பெரும்பாலும் தண்டனைக்கு உரிய என்றுதான் பொருள், அனுமதிக்கத் தக்க என்று வருவது அரிது. 'ஸ்டேட் சாங்ஷண்டு' என்று சேர்ந்து வந்தால் அரசின் ஆசி பெற்ற என்று பொருள். அது பெரும்பாலும் கொலை, வன்முறை, பாகுபாடு மாதிரி மோசமான காரியங்களோடுதான் ஒட்டிக்கொண்டு வரும்.

தரமணி_டெக்:

வாத்தியார் விதியில் ஓட்டை இருக்கிறது. 'தி பேங்க் சாங்ஷண்டு ஹிம் எ லோன்'. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தண்டித்தார்களா? :)

ஆங்கில_வாத்தி:

ஆள் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் ஒப்புதல் கிடைத்தது லோனுக்கு. 'கேவ் ஹிம் எ லோன்' மாதிரி அமைப்பு. ஆனால் நீங்கள் தொட்டது நல்ல இடம். அது இந்திய ஆங்கிலம். லண்டனிலோ சிகாகோவிலோ கடனை அப்ரூவ் பண்ணுவார்கள். "மை லோன் காட் சாங்ஷண்டு" என்று அங்கே போய் சந்தோஷமாகச் சொன்னால், கேட்பவர் என்ன ஆச்சு என்று விசாரிக்க வாய்ப்பு உண்டு.

தரமணி_டெக்:

அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் "கைண்ட்லி சாங்ஷன் மை லீவ்" என்று அமெரிக்க மேனேஜருக்கு எழுதுகிறார்கள். தப்பு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

தாலுகா_பென்ஷனர்:

அதில் என்னப்பா தப்பு? முப்பது வருஷம் நாங்கள் எழுதியது அதுதான். லீவ் சாங்ஷன், இன்கிரிமெண்ட் சாங்ஷன், ஜி.பி.எஃப். அட்வான்ஸ் சாங்ஷன். பொதுப்பணித்துறையில் ஒரு பாலம் கட்ட வேண்டும் என்றால் முதலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் சாங்ஷன், பிறகு டெக்னிக்கல் சாங்ஷன். செய்யலாம், இவ்வளவு செலவாகும் என்று அரசு ஒப்புக்கொள்வது முதலாவது. வரைபடமும் எஸ்டிமேட்டும் சரி என்று பொறியாளர் ஒப்புக்கொள்வது இரண்டாவது. அலுவலகத்தில் எத்தனை பணியிடம் என்று கேட்டால் சாங்ஷண்டு ஸ்ட்ரெங்த். ஈ.பி.யில் கேட்டால் சாங்ஷண்டு லோடு. இந்தச் சொல் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு ஃபைலும் நகராது.

தமிழில் இதற்கு அரசாணைகளில் அழகான சொல் உண்டு: ஒப்பளிப்பு. நிர்வாக ஒப்பளிப்பு, நிதி ஒப்பளிப்பு, ஒப்பளிக்கப்பட்ட பணியிடம். இதை எழுதும்போது யாருக்கும் ரஷ்யா ஞாபகம் வராது.

ஆங்கில_வாத்தி:

தப்பு இல்லை என்பதில் ஐயாவோடுதான் நான். அது இங்கே வேரூன்றிய ஆங்கிலம். நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 304ஆம் பிரிவில், சில வகை மாநில மசோதாக்களைக் குடியரசுத் தலைவரின் 'பிரீவியஸ் சாங்ஷன்' இல்லாமல் கொண்டுவர முடியாது என்று வரும். தாலுகா ஆபீசில் எழுதுங்கள், தாராளமாக. அமெரிக்க மேனேஜருக்கு அப்ரூவ் என்று எழுதுங்கள். கேட்பவன் காது எப்படிப் பழகியிருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதானே மொழி.

தரமணி_டெக்: "மை லீவ்" பிரச்சினையில் தப்பு என்று சொல்லி அலுத்துக்கொள்வதற்குப் பதில், இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

வழக்காடி:

நீதிமன்றப் பக்கம் இருந்து கொஞ்சம். இங்கே இரண்டு பொருளும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கின்றன.

'சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்' என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அரசு ஊழியர் தன் பணியைச் செய்யும்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 218ஆம் பிரிவு. அனுமதி கேட்டு 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்பது புதிதாகச் சேர்ந்தது. ஊழல் வழக்கு என்றால் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. தமிழ்ச் செய்திகளில் "வழக்குத் தொடர ஆளுநர் அனுமதி" என்று வருவதெல்லாம் இந்த வகைதான்.

வேடிக்கையைப் பாருங்கள். ஒரு அதிகாரி மேல் 'சாங்ஷன்' வந்துவிட்டது என்றால் அவருக்கு நல்லது இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு அங்கே அனுமதி என்றுதான் பொருள். அனுமதி கிடைத்தது அவருக்கு இல்லை, அவரை வழக்கில் நிறுத்த விரும்புகிறவருக்கு. வாத்தியார் சொன்னபடி பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்தால் ப்ராசிக்யூஷன் என்ற செயல்தான் இருக்கிறது, சரியாகத்தான் வருகிறது. ஆனால் பலர் இதைத் தண்டனை என்றே படித்துவிடுகிறார்கள்.

சட்டக் கல்லூரியில் முதல் வருடமே இன்னொரு சாங்ஷன் வந்துவிடும். ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் கொள்கைப்படி, இறையாண்மை கொண்டவரின் கட்டளை சட்டம், அதைக் கேட்காவிட்டால் வரும் கேடு சாங்ஷன். அவருக்கு முன்னால் 1789இல் தத்துவஞானி பெந்தாம் இதை இன்னும் அகலமாக வைத்திருந்தார். மனிதனை ஒரு வழியில் நடக்க வைக்கும் இன்ப துன்பங்கள் எங்கிருந்து வருகின்றனவோ அவை எல்லாம் சாங்ஷன். உடல் சார்ந்தது, அரசியல் சார்ந்தது, ஊர் மதிப்பு சார்ந்தது, சமயம் சார்ந்தது என்று நான்கு. கவனியுங்கள், இன்பமும் உண்டு. சமூகவியல்காரர்கள் இன்றும் பாசிடிவ் சாங்ஷன், நெகடிவ் சாங்ஷன் என்று பிரித்து எழுதுகிறார்கள். பாராட்டு முதல் வகை, ஒதுக்கிவைப்பது இரண்டாம் வகை.

எனக்குத் தோன்றுவது: இந்தச் சொல்லுக்கு அடியில் ஒரே பொருள்தான். ஒரு விதிக்குப் பலம் கொடுப்பது எதுவோ அது. ஒப்புதலும் பலம் கொடுக்கும், தண்டனையும் பலம் கொடுக்கும்.

கடைத்தெரு_கண்ணன்:

அதாவது சீல்.

வழக்காடி:

அதேதான் அண்ணா :)

யாழ்_ரொறன்ரோ:

நல்ல உரையாடல். எனக்கு ஒரு விசயம் சொல்லோணும்.

தமிழில நாங்கள் சாங்ஷன்ஸை 'பொருளாதாரத் தடை' எண்டு மொழிபெயர்க்கிறம். ஆனால் எங்கட ஆக்களுக்கு அந்தச் சொல் கேட்டால் ஈரானோ ரஷ்யாவோ ஞாபகம் வராது. 90களில இலங்கையின்ர வடக்கில இருந்த பொருளாதாரத் தடைதான் வரும். மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை எண்டு ஒண்டும் ஒழுங்கா வராது. ஜாம் போத்தல்ல கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில படிச்ச பரம்பரை நாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டம். அது ஒரு அரசு தன்ர நாட்டுக்குள்ள இருந்த சனத்துக்குப் போட்ட தடை. அதை இங்கிலீஷில சாங்ஷன்ஸ் எண்டு எழுதினால் எனக்குப் பொருந்தேல்லை. எம்பார்கோ எண்டுதான் அப்ப எழுதினவை.

பிறகு 2023 ஜனவரியில கனடா, முன்னாள் ஜனாதிபதிமார் மகிந்த ராஜபக்ச, கோத்தபாய ராஜபக்ச உட்பட நாலு பேர் மேல சாங்ஷன்ஸ் போட்டது. இங்க வானொலியில 'தடை' எண்டுதான் சொன்னவை. என்ர அம்மா கேட்டா, "அப்ப கொழும்புக்குச் சாமான் போகாதோ?" எண்டு. அந்தத் தடையில சாமான் ஒண்டும் நிக்கேல்லை. அந்த நாலு பேரோட கொடுக்கல் வாங்கல் கூடாது, அவையின்ர சொத்து இங்க இருந்தால் முடக்கம், அவை இங்க வரேலாது. அவ்வளவுதான். தடை எண்ட ஒரே சொல்லுக்குள்ள இவ்வளவையும் அடைச்சு வைச்சிருக்கிறம்.

அகராதிப்பெண்:

மிக முக்கியமான இடம் இது, அண்ணா. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழில் நாலைந்து ஆங்கிலச் சொற்களை 'தடை' என்ற ஒன்றில் போட்டு மூடிவிடுகிறோம்.

எம்பார்கோ என்பது சரக்குப் போக்குவரத்தை, வணிகத்தை நிறுத்துவது. ஸ்பானிஷ் மொழியிலிருந்து வந்த சொல். பிளாக்கேட் என்பது கப்பலோ படையோ வைத்து வழியை அடைப்பது. பேன் பொதுவான தடை, ஒரு புத்தகத்துக்கும் போடலாம், பிளாஸ்டிக் பைக்கும் போடலாம். சாங்ஷன்ஸ் என்பது குடை. அதன் கீழே எம்பார்கோவும் வரலாம், சொத்து முடக்கமும் வரலாம், பயணத் தடையும் வரலாம். ஒரு நாட்டின் மேலும் வரும், ஒரே ஒரு தனி ஆளின் மேலும் வரும், ஒரு கப்பலின் மேலும் வரும்.

நாட்டின் மேல் நடவடிக்கை என்ற பொருள் பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையெடுத்ததும், நவம்பரில் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இத்தாலி மேல் சாங்ஷன்ஸ் கொண்டுவந்தது. கையில் இருந்த பெரிய ஆயுதம் பெட்ரோலியம். அதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 1936 ஜூலையில் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார்கள். எத்தியோப்பியா அதற்குள் விழுந்துவிட்டது.

ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவுதான் இன்று ஐ.நா. தடைகளுக்கு அடிப்படை. அந்தப் பிரிவில் சாங்ஷன் என்ற சொல்லே கிடையாது. ஆயுதப் படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள் என்றுதான் இருக்கும். 1966இல் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) மேல் முதல் கட்டாயத் தடை வந்தது. சாசனத்தில் இல்லாத அந்தச் சொல்தான் செய்தியிலும் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது.

மேலாளர்_ஓய்வு:

நம் நாட்டுக்கே வந்ததே. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும் அமெரிக்கா இந்தியா மேல் சாங்ஷன்ஸ் போட்டது. ஜப்பானும் புதிய உதவியை நிறுத்தியது. அமெரிக்கா விலக்கிக்கொண்டது 2001 செப்டம்பரில். அந்த வருஷங்களில் கிளையில் உட்கார்ந்துகொண்டு, காலையில் பேப்பரில் அந்த சாங்ஷன், பத்து மணிக்கு மேல் மேஜையில் இந்த சாங்ஷன் என்று பார்த்தவன் நான். எங்களுக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஏன் என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

சக்தி_1974:

இப்பவும் ரஷ்ய எண்ணெய் வாங்காதேன்னு மிரட்டறாங்க. ரஷ்யாகிட்ட எஸ்-400 ஏவுகணை வாங்கினப்பவும் அவங்களோட 2017 தடைச் சட்டத்தைக் காட்டி மிரட்டினாங்க. அமெரிக்கா யாரு சார் நமக்கு...

மட்டுறுத்துநர்:

சக்தி, இது சொல் பற்றிய இழை. எண்ணெய் அரசியலுக்கு வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போடுங்கள். கீழே வந்த ஆறு பதில்களை அங்கே நகர்த்திவிட்டேன்.

பின்னல்நகர்:

எல்லாருக்கும் நன்றி. மெர்ச்சண்டைசரிடம் சீல் உதாரணத்தைச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்.

பையருக்கு அனுப்ப ஒரு வரி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: 'வி கன்ஃபர்ம் தட் நன் ஆஃப் தி பார்ட்டீஸ் இஸ் சாங்ஷண்டு அண்ட் அவர் பேங்க் ஹாஸ் சாங்ஷண்டு தி லிமிட்.'

ஆங்கில_வாத்தி:

இலக்கணம் சரி. ஆனால் ஒரே வாக்கியத்தில் முதல் சாங்ஷண்டு தடை, இரண்டாவது ஒப்புதல். படிப்பவர் இரண்டாவதில் தடுக்கி விழுவார். இரண்டு பக்கமும் பிரித்துவிடுங்கள். தடைப் பக்கத்துக்கு 'நாட் சப்ஜெக்ட் டு எனி சாங்ஷன்ஸ்' என்று எழுதினால் பன்மையும் சப்ஜெக்ட் டு என்பதும் சேர்ந்து சந்தேகத்துக்கு இடமே வைக்காது. வங்கிப் பக்கத்துக்கு 'அப்ரூவ்டு'. உங்கள் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் 'சாங்ஷண்டு லிமிட்' அப்படியே இருக்கட்டும். அங்கே அப்ரூவ்டு என்று மாற்றினால் அவர்கள் லெட்டரோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

மேலாளர்_ஓய்வு:

லிமிட் விஷயத்தைப் பையரிடம் சொல்லவே வேண்டாம் தம்பி. அவர் கேட்கவில்லையே. உங்களுக்கும் உங்கள் வங்கிக்கும் இடையில் உள்ளது அது.

பின்னல்நகர்:

சரிங்க சார், எடுத்துவிடுகிறேன். எல்.சி.யில் இருக்கும் சாங்ஷன்ஸ் கிளாஸைப் பற்றியும் சொல்லுங்களேன். அதில் எங்களுக்கு ஆபத்து ஏதாவது இருக்கிறதா?

மேலாளர்_ஓய்வு:

எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்.சி.க்கு உலகம் முழுக்கப் பயன்படும் விதித்தொகுப்பு யு.சி.பி. 600, 2007 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதில் சாங்ஷன்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் வங்கிகள் தாங்களாகவே ஒரு பத்தியைச் சேர்க்க ஆரம்பித்தன. எங்களுக்குப் பொருந்தும் சட்டப்படி தடை இருந்தால் பணம் தர மாட்டோம் என்று எழுதியிருந்தால் அது நியாயம், சட்டத்தை யாரும் மீற முடியாது. சில வங்கிகள் இன்னும் அகலமாக, எங்கள் சொந்தக் கொள்கைப்படி வேண்டாம் என்று தோன்றினாலும் தர மாட்டோம் என்கிற மாதிரி எழுதிவைக்கும். அப்படி இருந்தால் எல்.சி.யின் உறுதியே ஆட்டம் காணும். டாக்குமெண்ட் எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் நிற்கலாம். இந்த மாதிரி அகலமான பத்திகள் வேண்டாம் என்று சர்வதேச வணிகச் சபையே 2014இல் ஒரு வழிகாட்டுக் குறிப்பு போட்டது. உங்கள் எல்.சி.யில் 'இன்டெர்னல் பாலிசி' என்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திருத்தம் கேளுங்கள். பையர் நல்லவர் என்றால் தன் வங்கியிடம் பேசுவார்.

பின்னல்நகர்:

பார்த்துவிட்டேன். 'அப்ளிகபிள் லாஸ்' என்று மட்டும்தான் இருக்கிறது.

மேலாளர்_ஓய்வு:

அப்படியானால் கவலை இல்லை.

கல்லூரி_மாணவி:

எனக்கும் ஒரு வாக்கியம் சரிபார்த்துத் தாருங்கள். கிளாஸில் எழுதச் சொன்னார்கள், இந்த இழையைப் படித்துவிட்டு எழுதினேன். 2007இல் இந்தியன் கிரிக்கெட் லீக் தொடங்கியது, பி.சி.சி.ஐ. அதை ஏற்கவில்லை, அதில் ஆடியவர்களுக்குத் தடை போட்டது, பிறகு 2009இல் மன்னிப்புக் கொடுத்தது. அதை வைத்து: 'தி பிளேயர்ஸ் வேர் சாங்ஷண்டு ஃபார் பிளேயிங் இன் ஆன் அன்சாங்ஷண்டு லீக்.'

ஆங்கில_வாத்தி:

அருமை! ஆள் வந்த இடத்தில் தண்டனை, 'அன்' சேர்ந்த இடத்தில் அனுமதியின்மை. இரண்டும் ஒரே வாக்கியத்தில், ஒன்றையொன்று இடிக்காமல். இதை நான் என் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டா?

கல்லூரி_மாணவி:

சாங்ஷண்டு சார் :)

தாலுகா_பென்ஷனர்:

டெக்னிக்கல் சாங்ஷனும் வாங்கிக்கொள்ளுங்கள் வாத்தியாரே.

மேலாளர்_ஓய்வு:

பின்னல்நகர் தம்பி, அனுப்புவதற்கு முன் ஒன்று. யாரும் தடைப் பட்டியலில் இல்லை என்று எழுத்தில் உறுதி தருகிறீர்கள். பையர், கன்சைனி (சரக்கைப் பெறுபவர்), நோட்டிஃபை பார்ட்டி (சரக்கு வந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர்) மூன்று பேரைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கப்பலையும் பாருங்கள். கப்பல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் போதாது, பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கப்பலின் நிரந்தர அடையாள எண்ணான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. அதை வைத்துத் தேடுங்கள்.

பின்னல்நகர்:

பில் ஆஃப் லேடிங்கின் வரைவில் கப்பல் பெயர்தான் இருக்கிறது, எண் இல்லை. சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மெயில் போகும்.